டிஸ்கோவுக்குப் பத்தாண்டு முன்பு: ‘பீ ஜீஸ் ஃபர்ஸ்ட்’ ஆல்பமும் அதன் வாத்தியக்குழுவும்

[திரையில்: 1967-ஆம் ஆண்டு வெளிவந்த ஆல்பத்தின் அட்டை]

கிப் சகோதரர்கள் மூவரின் பாப் இசைக்குழுவான பீ ஜீஸ் என்றதும் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவது 1977-ஆம் ஆண்டின் டிஸ்கோ பாடல்களும், உச்சஸ்தாயியில் ஒலிக்கும் பேரி கிப்பின் கள்ளக்குரலும்தான். ஆனால் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இதே சகோதரர்கள் வயலின், செல்லோ, மெல்லோட்ரான் என்ற விசைப்பலகைக் கருவி ஆகியவற்றின் துணையோடு லண்டனில் ஒரு சைக்கடெலிக் (கனவு மயக்கம் போன்ற விசித்திர ஒலிகளை நாடும் பாணி) ஆல்பத்தைப் பதிவு செய்திருந்தார்கள். ‘பீ ஜீஸ் ஃபர்ஸ்ட்’ என்று பெயரிடப்பட்ட அந்த ஆல்பம் உண்மையில் அவர்களுடைய மூன்றாவது ஆல்பம்; முந்தைய இரண்டும் ஆஸ்திரேலியாவில் மட்டுமே வெளிவந்திருந்ததால், உலகச் சந்தைக்கு இதுவே முதலாவதாக அறிமுகமானது.

[திரையில்: மான் தீவு, மான்செஸ்டர், ரெட்கிளிஃப், லண்டன் ஆகிய இடங்களை இணைக்கும் வரைபடம்]

மான் தீவில் பிறந்து மான்செஸ்டரில் வளர்ந்த பேரி, ராபின், மாரிஸ் கிப் ஆகிய மூவரும் 1958-இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உள்ள ரெட்கிளிஃபுக்குக் குடிபெயர்ந்தனர். 1967-இன் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பிய அவர்களை, பீட்டில்ஸ் குழுவின் மேலாளர் பிரையன் எப்ஸ்டீனின் நெம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் ஸ்டிக்வுட் ஒப்பந்தம் செய்தார். ஆஸ்திரேலியர்களான கிதார் கலைஞர் வின்ஸ் மெலோனியும் டிரம்ஸ் கலைஞர் காலின் பீட்டர்சனும் சேர, ஐவர் குழு உருவானது. அப்போது பேரிக்கு வயது 20. இரட்டையர்களான ராபினுக்கும் மாரிஸுக்கும் 17.

ஐ.பி.சி. ஒலிப்பதிவுக்கூடத்தில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பதிவு நடந்தது. இந்தத் தேதிகளைக் கவனித்தால், ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்தின் நகல் என்று இதைத் தள்ளிவிடுவோரின் வாதம் நிற்காது என்பது புரியும். பீட்டில்ஸின் அந்த ஆல்பம் கடைகளுக்கு வருவதற்குள் இங்கே பதிவு முடிந்துவிட்டது. பீட்டில்ஸின் முந்தைய ஆண்டு ஆல்பமான ‘ரிவால்வர்’ இவர்களைப் பாதித்திருக்கிறது என்று சொன்னால் மறுக்க முடியாது. ‘இன் மை ஓன் டைம்’ பாடலின் கிதாரில் அது வெளிப்படையாகவே தெரிகிறது. போதாததற்கு, ‘ரிவால்வர்’ அட்டையை வரைந்த கிளாஸ் ஃபோர்மனே இந்த அட்டையையும் வரைந்தார்.

[ஒலி: ‘எவ்ரி கிறிஸ்டியன் லயன் ஹார்ட்டட் மேன் வில் ஷோ யூ’ பாடலின் தொடக்கம், சில நொடிகள்]

இப்போது நீங்கள் கேட்டது தேவாலய மந்திர ஓதலைப் போன்ற ஆண் குரல்களும், அவற்றின் அடியில் மெல்லோட்ரானும். மெல்லோட்ரானின் ஒவ்வொரு விசைக்கும் கீழே, உண்மையான புல்லாங்குழலையோ வயலினையோ பதிவு செய்த ஒரு காந்த நாடா இருக்கும்; விசையை அழுத்தினால் அந்த நாடா ஏறக்குறைய எட்டு நொடிகளுக்கு ஓடி ஒலிக்கும். சற்றே நடுங்கும் அந்தச் செயற்கை ஒலியைச் சைக்கடெலிக் இசையின் அடையாளமாகவே அக்காலக் கலைஞர்கள் ஆக்கிவிட்டார்கள்.

எனினும் இந்த ஆல்பத்தின் உண்மையான பலம், மெல்லோட்ரானை விட, பில் ஷெப்பர்ட் நடத்திய வாத்தியக்குழுவில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. சகோதரர்களுக்கு இசைக்குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாது; ஆகவே பாடலுக்குள் அவர்கள் கேட்ட இசையைத் தாளில் இறக்கிக் கொடுக்க, ஆஸ்திரேலியாவிலேயே அவர்களுக்குப் பழக்கமாகியிருந்த ஷெப்பர்ட் தேவைப்பட்டார். ‘ஹாலிடே’ பாடலில் பேரியும் ராபினும் மாறி மாறிப் பாடும்போது, தந்திக் கருவிகள் அவர்களுக்குப் பின்னால் வெறும் அலங்காரமாக நிற்காமல், மூன்று சகோதரர்களோடு சேர்ந்த நான்காவது குரலாகவே நடந்துகொள்கின்றன.

[திரையில்: 1966-ஆம் ஆண்டின் அபெர்ஃபான், கறுப்பு வெள்ளைப் படங்கள்]

ஆல்பத்திலிருந்து முதலில் தனியாக வெளியிடப்பட்ட பாடல் ‘நியூயார்க் மைனிங் டிசாஸ்டர் 1941’. இடிந்த சுரங்கத்துக்குள் சிக்கிய ஒருவர், உடனிருக்கும் ஜோன்ஸ் என்பவரிடம் தன் மனைவியின் படத்தைக் காட்டிப் பேசுவதாக அது அமைந்திருக்கிறது. தலைப்பு நியூயார்க் என்று சொன்னாலும், பாடலைத் தூண்டியது வேல்ஸில் நிகழ்ந்த துயரம்: 1966 அக்டோபர் 21 அன்று அபெர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தின் மீது விழுந்ததில் 144 பேர் இறந்தனர்; அவர்களில் 116 பேர் குழந்தைகள். இத்தகைய பொருளுக்குப் பெரிய வாத்திய முழக்கத்தைச் சேர்த்திருந்தால் பாடல் கெட்டிருக்கும். கிதாரின் எளிய தாளத்தையும் இறுக்கமான கூட்டுக்குரலையும் முன்னே வைத்துத் தந்திக் கருவிகளை அடக்கி வைத்ததில்தான் நிதானம் தெரிகிறது. குழுவின் பெயர் அச்சிடாத பிரதிகள் வானொலி நிலையங்களுக்கு அனுப்பப்பட்டதால் இது பீட்டில்ஸின் பாடல் என்ற வதந்தியும் பரவியது; அது விற்பனையைக் கெடுத்ததாகத் தெரியவில்லை.

பதினான்கு பாடல்களும் ஒரே தரம் என்று சொல்லிவிட முடியாது. ‘குக்கம்பர் காசில்’ போன்றவற்றில், அக்காலத்து லண்டன் நாகரிகத்துக்காகவே சேர்த்த விசித்திரம் சற்றுத் துருத்திக்கொண்டு நிற்கிறது.

[ஒலி: ‘டு லவ் சம்படி’, சில நொடிகள்]

நிறைய பேர் பின்னர் எடுத்துப் பாடியது, சைக்கடெலிக் சாயல் மிகக் குறைவாக உள்ள இந்தப் பாடலைத்தான். அமெரிக்க சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கை மனத்தில் வைத்து எழுதப்பட்ட இதை அவர் பாடிப் பதிவு செய்யும் முன்பே, 1967 டிசம்பரில் விமான விபத்தில் இறந்தார். பிரிட்டனில் பீ ஜீஸ் குரலில் பெரிதாக எடுபடாத அதே பாடல், 1969-இல் நீனா சிமோன் பாடியபோது அந்நாட்டின் பாடல் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடத்தை எட்டியது.