சாம்பாரில் கலக்க மாத்திரை உண்டா? நேயர் கேள்விக்கு ஒரு பதில்

வணக்கம். இந்த வாரம் வந்ததில் ஒரு கேள்வி மண்டைக்குள்ளேயே நிற்கிறது. ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். "வீட்டுக்காரர் ரொம்ப வருஷமாகக் குடிக்கிறார். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். இந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ஊரெல்லாம் தெரிந்து சம்பந்தம் கலைந்துவிடும். அவருக்கே தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்க ஒரு மாத்திரை எழுதித் தாங்க டாக்டர்."

மாட்டேன் அம்மா. நீங்கள் கேட்பது டைசல்ஃபிராம். குடித்த சரக்கு உடம்புக்குள் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும், அப்புறம் ஈரல் அதையும் உடைத்து வெளியேற்றும். அந்த இரண்டாவது வேலையை இந்த மாத்திரை நிறுத்திவிடுகிறது. நச்சு தேங்கி முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், பிரஷர் இறங்கும். இருதயக் கோளாறு இருந்தால் உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். விஷயம் தெரிந்து, சம்மதித்து விழுங்குகிறவருக்குத்தான் அதைக் கொடுப்போம்.

ஒரு தடவை கோயில் கொடையில் குடித்துவிட்டு விழுந்தவரைத் தூக்கி வந்தார்கள். மாரடைப்பு என்று நாங்கள் ஓடிக்கொண்டிருக்கிறோம், மனைவி மூலையில் நின்று அழுகிறார். கலந்ததைச் சொல்லப் பயம். ஒரு நர்ஸ் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்ட பிறகுதான் மாத்திரை அட்டை முந்தானையிலிருந்து வெளியே வந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். யாராவது ஏற்கெனவே கலந்துகொண்டிருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

சரி, சம்பந்தத்துக்கு வருவோம். எல்லா வீடியோவிலும் சொல்கிறதுதான், பழைய நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் குடிப்பது ஊருக்குத் தெரியும். டாஸ்மாக் வாசலில் பார்த்தவர்களும் பஸ் ஸ்டாண்டிலிருந்து தூக்கி வந்து திண்ணையில் போட்டவர்களும் ஊர்க்காரர்கள்தானே? மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தால் முதலில் நிற்கப்போவது டீக்கடையில். கேட்காமலே சொல்லிவிடுவார்கள். நீங்கள் பாடுபட்டு மறைக்கிறது குடியை இல்லை, வைத்தியத்தை.

இதில் வேடிக்கையும் உண்டு. தென்காசிக்காரர் யார் கண்ணிலும் படாமல் பாளையங்கோட்டைக்கு வருவார். பாளையங்கோட்டைக்காரர் நாகர்கோவிலுக்குப் போவார். என்னிடம் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் பக்கத்து நாற்காலியில் மஃப்ளரால் முகத்தை மூடி ஒருவர். இரண்டு பேரும் சம்பந்திகள்! இவர் குடிக்கு, அவர் தூக்கமின்மைக்கு. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதுதான் குட்டு உடைந்தது. அப்புறம் இரண்டு பேரும் ஒரே பைக்கில் வர ஆரம்பித்தார்கள், பெட்ரோல் மிச்சம்.

ஆனால் மறைத்துச் செய்கிற எல்லாமே இப்படிச் சிரிப்பில் முடிவதில்லை. மாலை போடுவதைப் பற்றி முன்பே பேசியிருக்கிறேன். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு அன்றைக்கே குடியை நிறுத்துவார்கள். நல்ல மனசு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் தினமும் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வேர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்பார். வீட்டில் சாமி குத்தம் என்று திருநீறு போட்டுக்கொண்டிருப்பார்கள். அது குடி நின்றதால் வருவது. வைத்தியம் இல்லாமல் விட்டால் சாவு கூட வரும். ஆஸ்பத்திரியில் வைட்டமின் பி1 ஊசியும் நடுக்கத்துக்கு மாத்திரையும் கொடுத்துக் கவனித்தால், பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் இந்தக் கட்டம் தாண்டிவிடும். மாலை போடுங்கள், டாக்டரைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இன்னொன்று, ராத்திரியோடு ராத்திரியாக வேனில் ஏற்றிக்கொண்டு போகிற மையங்கள். வெளியே தெரியாது என்பதற்காகவே பணம் கட்டுகிறார்கள். டாக்டர் உண்டா, லைசென்ஸ் உண்டா என்று கேட்பதில்லை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் கருகிப்போனார்கள். கண்ணுக்கு எட்டாத இடத்தில் கொண்டுபோய் வைத்தால் போதும் என்கிற எண்ணம் எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள். இப்போது 2017 மனநலச் சட்டப்படி சங்கிலி போடுவது குற்றம். வைத்திய விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து தெரிந்துவிடும் என்ற பயத்துக்கு அதுவே பதில்.

உங்களுக்கு மட்டும் இந்தத் தயக்கம் என்று நினைக்காதீர்கள். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய ஆய்வில், குடிநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 86 பேர் வைத்தியமே பெறவில்லை என்று தெரிந்தது.

அம்மா, கேள்வியின் கடைசி வரியை நான் வாசிக்காமல் விட்டேன். "எனக்கும் மாசக்கணக்கில் ராத்திரி தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, அது கிடக்கட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஏன் கிடக்கணும்? என்னைக் கேட்டால் முதல் கேள்வியே அதுதான். இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வும் தூக்கமின்மையும் இருந்தால் மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். அதற்கு மருந்து உண்டு, பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். 'பழகிப்போயிடும்' என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். மனச்சோர்வு மாத்திரை குடி மாதிரி அடிமையாக்காது, டாக்டர் சொன்னபடி படிப்படியாக நிறுத்திக்கொள்ளலாம்.

அவர் வரமாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் வாருங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்துக்குக் காசு இல்லை. அவ்வளவு தூரம் முடியாதென்றால் டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்குப் போன் போடுங்கள். ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசுவார்கள், காசும் கிடையாது. அவரிடம் எப்படிப் பேச்செடுப்பது என்பதையும் அவர்களிடமே கேட்கலாம். காலையில், குடிக்குமுன் பேசுங்கள். பெண்ணின் கல்யாணத்தை மட்டும் அந்தப் பேச்சில் இழுக்காதீர்கள், சண்டையாகிவிடும்.