நடுவுல ஒரு இடம்

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். மைக் கொஞ்சம் கத்துது, பரவால்ல. இன்னிக்கு முஃதஸிலாங்கற, பகுத்தறிவை முன்னால வச்ச ஒரு பழைய இஸ்லாமிய சிந்தனைக் கூட்டத்தோட கதை.

எட்டாம் நூற்றாண்டு ஆரம்பம், இராக்குல பஸ்ரா பள்ளிவாசல், பெரிய மார்க்க அறிஞர் ஹஸன் பஸ்ரி பாடம் நடத்திட்டிருக்காரு. ஒருத்தர் வந்து, பெரும்பாவம் செஞ்சவன் முஃமினா, அதாவது நம்பிக்கையாளனா, இல்ல காஃபிரா, அதாவது நம்பிக்கை இல்லாதவனான்னு கேக்குறாரு. வெட்டிக் கேள்வி இல்லீங்க இது, நாலாவது கலீஃபா அலி காலத்துல முஸ்லிமும் முஸ்லிமும் வெட்டிக்கிட்டு செத்திருக்காங்க, அதுல யாரு முஸ்லிம்ங்கறதே அரசியல். காரிஜியாக்கள்னு ஒரு பிரிவு, அவங்க காஃபிர்னாங்க, முர்ஜியாக்கள்னு இன்னொரு பிரிவு, அவங்க முஃமின்தான், தீர்ப்பு அல்லாஹ்கிட்டன்னாங்க. உஸ்தாது வாயைத் திறக்குறதுக்குள்ள மாணவர் வாஸில் இப்னு அதா, ரெண்டும் இல்ல, நடுவுல ஒரு நிலைன்னு சொல்லிட்டு வேற தூண்கிட்ட போய் உக்காந்துட்டாராம். விலகிப் போனவங்க, அதான் முஃதஸிலா. பேரு வந்த கதையை ஆய்வாளர்கள் நம்புறதில்ல, எனக்குப் பிடிக்கும்.

இந்த வாஸிலுக்கு 'ர' சரியா வராது. அரபில அந்த எழுத்து இல்லாம பேசிப் பாருங்க! மனுஷன் மேடைல அந்த எழுத்தே வராம பாத்துக்குவாராம், கோதுமைக்கு 'புர்'னு வர்ற இடத்துல 'கம்ஹ்'னு சொல்லி சமாளிப்பாராம்.

முஃதஸிலாக்கள் வாதம் என்னன்னா, அல்லாஹ் நீதியானவன்னா மனுஷனுக்கு சுயவிருப்பம் இருந்தாகணும், இல்லன்னா தண்டனை எப்படி நியாயம், அல்லாஹ் ஒருத்தன்னா அவன்கூட ஆதியில வேற எதுவும் இருக்க முடியாது, அதனால குர்ஆன் படைக்கப்பட்டதுதான், இப்படி ஒண்ணுலேர்ந்து ஒண்ணு இழுத்துட்டுப் போறாங்க. அதுவரை அருமை. 833ல கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டதுங்கறதை ஒத்துக்கறீங்களான்னு காழிகளையும், அதாவது நீதிபதிகளையும், ஆலிம்களையும் விசாரிக்க உத்தரவு போட்டாரு. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் ஒத்துக்கல, அடுத்த கலீஃபா முஃதஸிம் காலத்துல சவுக்கடி வாங்கினாரு. பகுத்தறிவுக்கு சவுக்கு எதுக்குங்க? ஜனங்க இமாம் பக்கம் போயிட்டாங்க, பின்னாடி வந்த கலீஃபா முதவக்கில் அந்த விசாரணையையே நிறுத்திட்டாரு.

கடைசியா அஷ்அரிங்கற அறிஞர். நம்ம கடற்கரை ஊர் ஷாஃபி மதரஸாக்கள்ல அகீதா, அதாவது நம்பிக்கைக் கொள்கைப் பாடம் இவரு வழிதான். முஃதஸிலா உஸ்தாது ஜுப்பாயிகிட்ட வளந்தவரு, ஒரு நாள் கேட்டாராம்: மூணு அண்ணன் தம்பி, ஒருத்தன் நல்லவன், ஒருத்தன் கெட்டவன், ஒருத்தன் சின்னப் புள்ளையா செத்தவன். என்னை ஏன் வளர விடலன்னு புள்ளை அல்லாஹ்கிட்ட கேக்குது. வளந்தா பாவியாவே, உன் நல்லதுக்குத்தான்னு பதில். உடனே நரகத்துலேர்ந்து கெட்டவன் கத்துறான், அப்ப என்னை ஏன் சின்ன வயசுலயே எடுத்துக்கலன்னு.

ஜுப்பாயிகிட்ட பதில் இல்லையாம். அஷ்அரி முஃதஸிலாவை விட்டுக் கிளம்பிட்டாரு, ஆனா போறப்ப அந்த வாதம் பண்ற வித்தையையும் கையோட எடுத்துட்டுப் போயிட்டாரு.