குதிகால் வலியோடு எடையைக் குறைக்க முடியுமா?

வணக்கம். நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். குதிகால் வலியோடு வருகிறவர்களில் பலர் வலியைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகு, கொஞ்சம் தயங்கி இன்னொன்றும் கேட்பார்கள். "எடையைக் குறைக்கச் சொல்றாங்க, நடந்தாத்தானே குறையும், காலையே ஊன்ற முடியலையே, நான் என்ன செய்ய?" நியாயமான கேள்வி. ஆனால் எடையைக் குறையுங்கள், வலி தானாகப் போய்விடும் என்று சொல்லி அனுப்புகிறவர்கள்தான் அதிகம், இந்த வலியை வைத்துக்கொண்டு எப்படிக் குறைப்பது என்று உட்கார்ந்து சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அந்த மனிதர் வீட்டுக்குப் போய், தனக்கு மன உறுதி போதவில்லை என்று தன்னையே நொந்துகொள்கிறார். எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு.

முதலில் அந்த வலியைப் பார்ப்போம். காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலின் அடியில், சற்று உள்பக்கமாக, சுரீரென்று குத்தும். கொஞ்ச தூரம் நடந்ததும் குறைந்துவிடும், நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடி குத்தும். பெரியவர்களுக்கு வருகிற குதிகால் வலியில் அதிகம் காணப்படுவது இதுதான், பிளான்டார் ஃபேஷியைடிஸ் என்பார்கள். குதிகால் எலும்பிலிருந்து கால் விரல்களின் அடிவரை உள்ளங்காலில் தடித்த பட்டை ஒன்று ஓடுகிறது, பாதத்தின் வளைவைத் தாங்கிப் பிடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதன் சக்திக்கு மேல் சுமை விழும்போது அது எலும்போடு சேருகிற இடத்தில் வலி கிளம்புகிறது. உடல் எடை ஒரு காரணம், இறுகிப்போன கெண்டைக்கால் தசை ஒன்று, நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலை இன்னொன்று. அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது: வருஷக்கணக்கில் நடக்காத ஒருவர் இன்றைக்கு முடிவெடுத்து நாளைக்கே ஒரு மணி நேரம் வேகமாக நடக்க ஆரம்பிப்பது. ஆசை நல்ல ஆசைதான், ஆனால் பாதம் அதற்குத் தயாராக இல்லை, சில வாரங்களில் பிடித்துக்கொள்கிறது.

எக்ஸ்ரேயில் எலும்பு முள் மாதிரி வளர்ந்திருக்கிறது என்று கேட்டதுமே பயந்து நடையை விட்டவர்கள் உண்டு. வலியே இல்லாத எத்தனையோ பேருடைய குதிகாலிலும் அதே முள் இருக்கிறது, அதனால் அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்.

சரி, எடைக்கு வருவோம். வலி போகட்டும், அப்புறம் எடையைப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இந்த வலி பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிவிடும் என்றாலும் பல மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும், அத்தனை நாள் எடை சும்மா இருக்காது. 80 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் மிதமாக நடந்தால் செலவாவது சுமார் 140 கலோரி, சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகிற 40 கலோரியும் அதற்குள்தான் அடக்கம். சர்க்கரை போட்ட குளிர்பானம் ஒரு கேன் குடித்தால் அந்த 140 திரும்ப உள்ளே வந்துவிடும். எடை இறங்குவதில் பெரும்பங்கு சாப்பாட்டுக்குத்தான், சாப்பாட்டைச் சரிசெய்யக் குதிகால் தேவையில்லை. நடக்க முடியவில்லை என்பதற்காக அதையும் சேர்த்துக் கைவிடுகிறோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்காக உடற்பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடை குறையும்போது தசையும் சேர்ந்து கரையாமல் இருக்க, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க, குறைந்த எடை திரும்ப ஏறாமல் இருக்க, அது கட்டாயம் வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை நடந்துதான் தீர்க்க வேண்டும் என்று இல்லை. சைக்கிள் மிதிக்கலாம், வலித்தால் பெடலைப் பாதத்தின் நடுவில் வைத்து மிதித்துப் பாருங்கள். நீச்சல் தெரிந்தவர்கள் நீந்தலாம். தெரியாதவர்கள் தண்ணீரில் நடக்கலாம், இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே காலில் இறங்குகிற எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். இது எதுவும் இல்லையென்றால் ஒரு நாற்காலி போதும்: கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருவது, உட்கார்ந்தபடியே எடை தூக்குவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் உயர்த்துவது.

கூடவே பாதத்தையும் பழக்க வேண்டும். படுக்கையில் உட்கார்ந்து, வலிக்கிற காலைத் தூக்கி மற்ற தொடைமேல் போட்டுக்கொண்டு, கால் விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி இழுங்கள். இன்னொரு கையால் உள்ளங்காலைத் தடவினால் அந்தப் பட்டை கயிறு மாதிரி விறைத்து நிற்பது தெரியும். பத்து விநாடி பிடித்து விடுங்கள், இப்படிப் பத்து முறை. காலையில் தரையில் கால் வைக்கும் முன் இதைச் செய்துவிட வேண்டும், எழுந்து நடந்த பிறகு செய்தால் பாதிப் பயன் போய்விடும் என்பது என் அனுபவம்.

அடுத்தது, பட்டைக்கு வலுவேற்றுவது. ஒரு துண்டைச் சுருட்டிப் படிக்கட்டின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன்மேல் மடங்கி நிற்க, ஒற்றைக் காலில் குதிகாலை மூன்று விநாடியில் உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்க வேண்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள். டென்மார்க்கில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், இதைச் செய்தவர்கள் நீட்டல் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட மூன்று மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள், ஒரு வருடம் கழித்து இரு தரப்பும் சமமாகிவிட்டது. சீக்கிரம் நடக்கத் துடிக்கிறவர்களுக்கு அந்த மூன்று மாதம் பெரிய விஷயம். ஒற்றைக் காலில் முடியாதவர்கள் இரண்டு காலிலும் நின்று தொடங்கலாம், சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வலிக்கலாம்? பத்துக்கு மூன்று நான்கு என்கிற அளவில் வலித்து, மறுநாள் காலை முதல் அடி வழக்கத்தைவிட மோசமாக இல்லாமல் இருந்தால் தொடரலாம். மோசமாக இருந்தால் பாதியாகக் குறையுங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள். நடைக்குத் திரும்பும்போதும் இதே கணக்குத்தான், பத்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டினால் போதும். வீட்டுக்குள் கடினமான தரையில் வெறுங்காலோடு நடக்காமல் மெத்தென்ற செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை அடக்கும், ஆனால் அந்தப் பட்டை கிழியவோ குதிகாலின் கொழுப்பு மெலியவோ வாய்ப்பு உண்டு, எனவே நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

எல்லாக் கால் வலியும் இதே வலி இல்லை. பாதம் சிவந்து சூடாக வீங்கினால், மரத்துப்போனால், படுத்திருக்கும்போதும் வலி எழுப்பினால், எலும்பில் ஒரே புள்ளியில் தொட்டால் வலித்து நடக்க நடக்கக் கூடினால், பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், புண் வந்தாலும் வலிக்காது. அவர்கள் வெறுங்காலோடு எந்தப் பயிற்சியும் செய்ய வேண்டாம், தினமும் ராத்திரி உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கீழே ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.