முதல் வீடு வாங்கும் முன்: மாமாவின் 450 சதுர அடி மண்

[திரையில்: நங்கநல்லூரில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். படிக்கட்டின் கீழே எட்டு மின் மீட்டர்கள்.]

வணக்கம். இந்தக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் என் மாமா 1993இல் ஒரு வீடு வாங்கினார். 675 சதுர அடி. இரண்டு படுக்கையறை என்று பெயர். ஒன்றில் கட்டிலைப் போட்டுவிட்டால் பீரோவைத் திறக்க முடியாது. விலை மூன்றேகால் லட்சம். அத்தையின் வளையல்களும் ஒரு சீட்டுப் பணமும் அதில் போயின. அந்த வீட்டை 2025இல் 52 லட்சத்துக்குக் கொடுத்தார்.

வாங்க வந்தவர் வீட்டுக்குள் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. மாமா பார்த்துப் பார்த்துப் போட்ட கிரானைட் மேடையைத் திரும்பியும் பார்க்கவில்லை. பத்திரத்தைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தில் இருந்த சொத்து விவரத்தில் விரலை வைத்துப் படித்தார். ‘பிரிக்கப்படாத பாகம் 450 சதுர அடி.’ பேரம் அதை வைத்துத்தான் நடந்தது. அவர் பில்டர். குடிவரப் போகிறவர் அல்ல, இடிக்கப் போகிறவர்.

முதல் வீடு தேடுகிறவர்கள் புரோக்கரிடம் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை சதுர அடி?’ அந்த பில்டரும் அதையேதான் கேட்டார். ஆனால் அவர் கேட்டது வேறு சதுர அடி.

[திரையில்: 3.25 → 6.5 → 13 → 26 → 52]

முதலில் இந்த விலை ஏற்றத்தைப் பார்ப்போம். மூன்றேகால் லட்சம் 52 லட்சம் ஆனது பதினாறு மடங்கு. கல்யாண வீட்டில் சொன்னால் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். ஆனால் பதினாறு மடங்கு என்றால் நான்கு முறை இரட்டிப்பு, அவ்வளவுதான். 32 ஆண்டில் நான்கு முறை, அதாவது எட்டு ஆண்டுக்கு ஒரு முறை. கூட்டு வட்டிக் கணக்கில் இது ஆண்டுக்கு ஏறக்குறைய 9 விழுக்காடு. தொண்ணூறுகளில் வங்கி வைப்புத்தொகையே இதைவிட அதிகம் கொடுத்த வருடங்கள் உண்டு.

மாமாவுக்கு நஷ்டம் என்று சொல்ல வரவில்லை. 32 ஆண்டு வாடகை மிச்சம். வீட்டுக்காரர் எப்போது காலி செய்யச் சொல்வாரோ என்ற பயம் இல்லை. சுவரில் ஆணி அடிக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இதற்கெல்லாம் விலை போட முடியாது. ஆனால் ‘சென்னையில் இடம் வாங்கினால் பணம் கொட்டும்’ என்று ஒருவர் சொன்னால், எத்தனை வருடத்தில் என்று கேட்டுவிட்டு மனக்கணக்குப் போடுங்கள். 72ஐ இரட்டிப்பாக ஆன வருடங்களால் வகுத்தால் வட்டி வீதம் ஏறக்குறைய வந்துவிடும்.

இந்த 9 விழுக்காடும் வருடா வருடம் சீராக வந்ததில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஏறியது, பிறகு பல வருடம் அசையாமல் கிடந்தது. 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். பழைய மாமல்லபுரம் சாலை ஐடி சாலை ஆனது. அதே காலத்தில் வீட்டுக் கடன் வட்டி இரட்டை இலக்கத்திலிருந்து 8 விழுக்காட்டுப் பக்கம் இறங்கியது. கையில் முதன்முறையாக நல்ல சம்பளம், வங்கியில் மலிவான கடன் என்று இரண்டும் ஒன்றாக வந்தன. 2008 வரை விலை பறந்தது.

அப்புறம் 2016. செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. நவம்பரில் பணமதிப்பு நீக்கம். அடுத்த வருடம், பில்டர்களை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டமும் ஜிஎஸ்டியும். சந்தை மூச்சு முட்டிப் படுத்தது, சில வருடங்களுக்கு எழவே இல்லை. கொரோனாவுக்குப் பிறகுதான் மறுபடி ஏற்றம். மாமா 2018இல் விற்க நினைத்தார். வந்த விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

சரி, அந்த 450 சதுர அடிக்கு வருவோம்.

[திரையில்: ஒன்றரை கிரவுண்டு மனை, மேலிருந்து பார்க்கும் படம்]

அடுக்குமாடியில் நமக்குக் கிடைப்பவை இரண்டு. மேலே ஒரு வீடு, கீழே நிலத்தில் ஒரு பங்கு. இந்தப் பங்கைத்தான் யூடிஎஸ் என்கிறோம், பத்திரத் தமிழில் பிரிக்கப்படாத பாகம். இது என் மூலை, அது உன் மூலை என்று கோடு போட முடியாது. ஆனால் இத்தனை சதுர அடி என்னுடையது என்று எழுத்தில் இருக்கும். கட்டடம் முதல் நாளிலிருந்தே பழசாகிக்கொண்டு வரும். மாமா வீட்டின் கூரையில் காரை உதிர்ந்து கம்பி தெரிந்தது. மண்ணுக்கு அந்த வியாதி இல்லை. 52 லட்சத்தை 450ஆல் வகுத்தால் சதுர அடிக்குப் பதினோராயிரத்து ஐந்நூறு சொச்சம். அது மண்ணுக்கான விலை. வீட்டுக்கு ஒரு பைசாகூடப் போடவில்லை.

இந்தப் பங்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை முடிவு செய்வது எஃப்எஸ்ஐ. மனையின் அளவைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று அரசு வைத்திருக்கும் வரம்பு இது. மாமாவின் கட்டடம் எழுந்தபோது ஒன்றரை மடங்கு. மனை ஒன்றரை கிரவுண்டு, அதாவது 3,600 சதுர அடி. ஒன்றரையால் பெருக்கினால் 5,400. எட்டு வீடாகப் பிரித்தால் வீட்டுக்கு 675, நிலத்தில் ஆளுக்கு 450.

2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடங்களுக்கு இந்த வரம்பு இரண்டு மடங்கு ஆனது. உயரமான கட்டடங்களுக்கு மூன்றேகால் மடங்கு. இப்போது அதே 3,600 சதுர அடியில் 7,200 கட்டலாம். கூடுதலாக வரும் 1,800 சதுர அடிதான் அந்த பில்டரை மாமா வீட்டு வாசலுக்குக் கூட்டிவந்தது.

புதிதாக வாங்குகிறவருக்கு இதில் இன்னொரு பக்கம் உண்டு. 1,000 சதுர அடி வீட்டுக்குப் பின்னால் பழைய விதியில் 667 சதுர அடி மண் இருக்கும். இரண்டு மடங்கு விதியில் 500. இருபது மாடிக் கோபுரத்தில் 300 சொச்சம். விற்பனைக்குச் சொல்லும் சதுர அடியில் படிக்கட்டு, லிஃப்ட், வராண்டா எல்லாம் கலந்திருப்பதால் உண்மையான எண் இதிலிருந்து கொஞ்சம் நகரும். ஆனால் போகும் திசை இதுதான். விலை ஏற ஏற, அதே காசுக்குக் கிடைக்கும் மண் சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. விளம்பரத்தில் நீச்சல் குளம்தான் பெரிதாகிக்கொண்டே போகிறது.

அதற்காக யூடிஎஸ் ஒன்றையே பார்த்து வாங்காதீர்கள். கூடுவாஞ்சேரி 600 சதுர அடியும் மயிலாப்பூர் 300 சதுர அடியும் ஒன்றாகுமா? பில்டர் சொல்லும் மொத்த விலையை யூடிஎஸ் அளவால் வகுத்து, அதே தெருவில் காலி மனை என்ன விலை போகிறது என்பதோடு ஒப்பிடுங்கள். நீங்கள் கொடுக்கும் காசில் எவ்வளவு மண்ணுக்கு, எவ்வளவு சிமெண்டுக்கு என்று தெரிந்துவிடும். முந்நூறு குடும்பம் இருக்கும் கோபுரம் நாற்பது வருடம் கழித்துப் பழசானால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டத்தில், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். எட்டு வீட்டில் ஆறு பேரைச் சம்மதிக்க வைப்பதற்கே மாமாவுக்கு இரண்டு தீபாவளி போனது.

[திரையில்: 70 லட்சம். கீழே வெறும் கோடுகள்.]

இனி கைக்காசு. முதல் வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் இடறி விழுவது இங்கேதான். 1,000 சதுர அடி, சதுர அடி 7,000 ரூபாய், மொத்தம் 70 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் கட்டி முடியாத புதிய வீடு.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 விழுக்காடுதான் உச்சம். ஆக 56 லட்சம் கடன், 14 லட்சம் உங்கள் கையிலிருந்து. பலர் இந்த 14ஐச் சேர்த்துவிட்டுத் துணிந்து இறங்குகிறார்கள். பத்திரச் செலவை அந்தச் சொத்து மதிப்பில் வங்கி சேர்க்காது. 2023 டிசம்பர் முதல், பில்டரிடம் வாங்கும் புதிய வீட்டை நிலமும் கட்டடமுமாக ஒரே கிரையப் பத்திரமாகப் பதிய வேண்டும். 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 6 விழுக்காடு, அதற்கு மேல் 3 கோடி வரை 7 விழுக்காடு. நம் கணக்கில் 4 லட்சத்து 90 ஆயிரம். பழைய வீட்டை ஒருவரிடமிருந்து வாங்கினால் 9 விழுக்காடு. ஜிஎஸ்டி 5 விழுக்காடு, மூன்றரை லட்சம். பணி நிறைவுச் சான்று வந்த பிறகு வாங்கினால் இது கிடையாது. இதுவே 22 லட்சத்து 40 ஆயிரம் ஆகிவிட்டது. இன்னும் கார் நிறுத்துமிடம், மின் இணைப்பு, பராமரிப்பு வைப்புத்தொகை, வக்கீல், அலமாரி, மின்விசிறி, கிரகப்பிரவேசச் சாப்பாடு எல்லாம் பாக்கி. 26 லட்சம் இல்லாமல் இறங்கினால், குடிபோன ஆறாவது மாதம் நகை அடகுக்குப் போகும்.

அடுத்து மாதத் தவணை. 56 லட்சம், 20 ஆண்டு, 8 விழுக்காடு என்றால் இஎம்ஐ 46,800 ரூபாய்ப் பக்கம். அதே மாதிரி வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் வாடகை என்ன என்று விசாரியுங்கள். இதில் பாதிகூட வராத இடங்கள் நிறைய. அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு மாதமும் ஒழுங்காகச் சேமிப்பேன் என்றால் வாடகை வீடு முட்டாள்தனம் அல்ல. நான் அப்படிச் சேமிக்கிற ஆள் இல்லை. அதனால்தான் கடன் வாங்கினேன்.

வட்டி மாறும் என்பதை ஏட்டளவில் எல்லோரும் அறிவோம். 2022இல் அது வீட்டுக்குள் வந்தது. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டிதான் ரெப்போ. மே மாதத் தொடக்கத்தில் 4 விழுக்காடாக இருந்த அது, 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. ஆறரை விழுக்காட்டில் 20 ஆண்டுக்கு 50 லட்சம் வாங்கியவருக்கு இஎம்ஐ 37,279. அவருடைய வட்டி 9 ஆனபோது, 50 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 37,500. கட்டுவதைவிட வட்டி அதிகம்! ஒரு வருடம் கட்டி அசலில் ஒரு லட்சம் சொச்சம் குறைத்தவருக்கும் தவணை ஏறக்குறைய முழுவதும் வட்டிக்கே போனது. பல வங்கிகள் இஎம்ஐயைத் தொடாமல் காலத்தை மட்டும் சத்தமில்லாமல் நீட்டின. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, தவணையை ஏற்றுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என்றது. 2025இல் ரெப்போ மறுபடி இறங்கியிருக்கிறது. உங்கள் கடனில் அது இறங்கியிருக்கிறதா என்று வங்கி அறிக்கையைத் திறந்து பாருங்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் தனிநபருக்கு அபராதம் கிடையாது. போனஸ் வந்தால் அசலில் போடுங்கள்.

பத்திரங்கள் பற்றித் தனி வீடியோ வேண்டும். இங்கே ஓட்டமாகச் சொல்கிறேன். தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். பவர், அதாவது உரிமையாளர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம், வைத்து ஒருவர் விற்றால், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். திட்டத்தின் ரெரா எண்ணை ரெரா இணையதளத்தில் அடித்துப் பாருங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்க பில்டருக்கு உரிமை இல்லை. இடத்தைப் பங்குனி வெயிலில் பார்த்து மயங்க வேண்டாம். ஐப்பசி மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். எதிர்வீட்டுக் கேட்டில் 2015 வெள்ளத்தின் கறை இன்னும் இருக்கலாம்.

[திரையில்: ஒரு வரைவுப் பத்திரத்தின் கடைசிப் பக்கம், பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன]

மாமா மகள் இந்த வருடம் தன் முதல் வீட்டை வாங்கினாள். விற்பனை அலுவலகத்தில் எல்லோரும் மாதிரி வீட்டின் பால்கனியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, மாமா மட்டும் உள்ளே உட்கார்ந்து யூடிஎஸ் கேட்டார். 420 சதுர அடி என்று எழுதிக் கொடுத்தார்கள். பதிவுக்கு முன்னால் வரைவுப் பத்திரம் வாட்ஸப்பில் வந்தது. நாற்பது பக்கம். மாமா நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே 385 என்று இருந்தது.

தட்டச்சுப் பிழை என்றார்கள். இருக்கலாம். மற்ற வீடுகளின் பங்குகளையும் காட்டுங்கள், எல்லாம் கூட்டினால் மொத்த மனைக்குச் சரியாக வருகிறதா பார்க்கலாம் என்று மாமா சொன்னார். பதினொரு நாள் கழித்துத் திருத்திய பத்திரம் வந்தது. 420. அந்த முப்பத்தைந்து சதுர அடிக்காகப் பதிவு தேதி தள்ளிப்போனதில் என் அத்தைக்கு இன்றும் கோபம்; நல்ல நாள் தவறிவிட்டதாம்.