சருகைக் கிழித்து வரும் இலை

நண்பர்களே, சிகாகோவைக் கேள்விப்படாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். அந்தப் பெயரே ஒரு காட்டுச் செடியின் பெயர். அங்கிருந்த மயாமி-இல்லினாய் பழங்குடிகள் அதை ‘ஷிகாக்வா’ என்றார்கள், ஆற்றங்கரையில் அது மண்டிக் கிடந்ததால் பிரெஞ்சுக்காரர்கள் இடத்துக்கும் அதையே எழுதிவிட்டார்கள். இன்று வெங்காயக் குடும்பத்துச் செடியான அதை ராம்ப்ஸ் என்கிறார்கள், காட்டு லீக்ஸ் என்றும் சொல்வார்கள்.

அமெரிக்காவின் கிழக்கே இருக்கும் அப்பலாச்சியன் மலைகளில் பனி உருகி, மரங்கள் இன்னும் மொட்டையாக நிற்கும்போது சருகைக் கிழித்துக்கொண்டு இரண்டு மூன்று அகன்ற இலைகள் வரும், அடிக்காம்பு பெரும்பாலும் சிவந்திருக்கும், கசக்கினால் பூண்டு வாசனை தூக்கும். மரம் தழைத்து நிழல் விழுந்தால் இலை வாடிவிடும். அந்தச் சில வாரங்கள்தான். குளிர்காலம் முழுக்க உலர்ந்ததையே தின்ற உடம்புக்கு அதுதான் முதல் பச்சை. வைட்டமின் சி என்ற பேச்சே இல்லாத காலத்தில் அந்த மலைப்பக்கத்துச் செரோக்கி பழங்குடி மக்கள் அதை உடம்பு தேற்றும் மருந்தாகச் சாப்பிட்டார்கள். சளிக்கும் அதுதான். காதுவலிக்குச் சாற்றை வெதுவெதுப்பாக விட்டார்கள் (கேட்டுவிட்டு யாரும் காதில் எதையும் ஊற்றிவிடாதீர்கள்). இரோகுவா என்ற இன்னொரு பழங்குடி மக்கள் குழந்தைகளின் வயிற்றுப் பூச்சிக்குக் கஷாயம் வைத்தார்கள்.

சரி, எப்படிப் பறித்தார்கள்? அதுதான் எனக்குப் பெரிய விஷயம். செரோக்கி வழக்கத்தில் கிழங்கைப் பிடுங்க மாட்டார்கள், வேர் மண்ணிலேயே இருக்கும்படி அதற்கு மேலே வெட்டி எடுப்பார்கள், மிச்சம் மறுபடி துளிர்க்கும். இந்தச் செடியின் விதை முளைக்கவே ஒன்றரை வருடம்வரை ஆகலாம், அப்புறம் பூக்க ஐந்து முதல் ஏழு வருடம். ஓட்டல்களில் மவுசு வந்ததும் வியாபாரத்துக்காகக் கிழங்கோடு மூட்டை மூட்டையாகப் பிடுங்கினார்கள். பத்தில் ஒரு பங்கை, அதுவும் பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால்தான் தாங்கும் என்று 2004இல் வந்த ஆய்வு சொல்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணம் 1995லேயே விற்பனையைத் தடுத்து, வீட்டுக்கு என்றால் ஆளுக்கு வருடம் 50 கிழங்கு என்று வைத்தது. அப்பலாச்சியனில் இருக்கும் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் 2002இல் பறிப்பதே தடையானது. தடை வந்தது நல்லதுதான். ஆனால் அந்தப் பூங்காவை ஒட்டியே வாழ்கிற செரோக்கி மக்களுக்கும், வேரை விட்டு வெட்டத் தெரிந்த அந்தக் கைகளுக்கும் சேர்த்தே அது வந்தது. அது மட்டும் எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.