தட்டு மறையும் ஆழம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏரிகளையும் ஈரநிலங்களையும் காக்கப் பல நாட்டினரைக் கூட்டிவைத்து நடத்தும் தலைமைப் பயிற்சியில், முதல் நாளே எல்லாரையும் படகில் ஏற்றிவிட வேண்டும் என்பது என் கட்சி. கையில் ஒரு தட்டும் கயிறும் போதும். சாப்பாட்டுத் தட்டு அளவுதான். கறுப்பும் வெள்ளையுமாக நான்கு பாகமாய் வண்ணம் தீட்டியிருக்கும். செக்கித் தட்டு என்று பெயர். 1865இல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலிய வானியலாளர் மத்தியதரைக் கடலில் இறக்கிப் பார்த்த வெள்ளைத் தட்டின் வழி வந்தது. கயிற்றை மெல்ல விடுகிறோம். வெள்ளை மங்குகிறது, பச்சையாகிறது, காணாமல் போகிறது. அந்த ஆழத்தைக் குறித்துக்கொள்கிறோம். தெளிந்த ஏரியில் பத்து மீட்டருக்குக் கீழும் தெரியும் தட்டு, பாசி மண்டிய நீரில் அரை மீட்டரிலேயே மறைந்துவிடும்.

பாசி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்போது தானாகவே எழும். விடை தேடிக் கரையேற வேண்டும். வயல், சாக்கடை, துணி துவைக்கும் இடம் என்று நீர் வந்த வழியே மேலே நடக்க வேண்டும்.

1977இல் ஜப்பானின் பிவா ஏரியில் செந்நிறப் பாசி பெருகியது. சலவைத் தூளில் இருந்த, பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸும் அதற்கு ஒரு காரணம் என்று தெரிந்ததும், அங்கிருந்த இல்லத்தரசிகள் அந்தத் தூளைக் கைவிட்டு சோப்புக்கு மாறினார்கள், அக்கம்பக்கத்தாரையும் மாற்றினார்கள். 1979இல் அந்த ஏரி இருக்கும் ஷிகா மாகாணம் பாஸ்பரஸ் கலந்த சலவைத் தூளுக்குத் தடைச் சட்டமே கொண்டுவந்தது. தலைமை என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். முதல் உலக ஏரி மாநாடு 1984இல் அதே மாகாணத்தில் கூடியதில் வியப்பில்லை.

இன்னொரு பாடம் கான்ஸ்டன்ஸ் ஏரியில் இருக்கிறது. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றுக்கும் அது பொது. ஏரியின் பெரும்பகுதியில் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதில் அவர்களுக்குள் இன்றுவரை உடன்பாடு கிடையாது! ஆனாலும் 1959இல் நீரைக் காக்க ஒரே ஆணையம் அமைத்தார்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் கூட்டாக இறங்கினார்கள். 1980 வாக்கில் உச்சத்தில் இருந்த பாஸ்பரஸ், பிறகு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. எல்லை வழக்கு தீரட்டும் என்று காத்திருந்தால் ஏரி என்னவாகியிருக்கும்? ஒத்துப்போகாதவர்களை ஒரே மேசையில் உட்காரவைக்கும் இந்தக் கலையைத்தான் பயிற்சியில் அதிக நேரம் பழக்க வேண்டும். ஈரநிலங்களைக் காக்க 1971இல் நாடுகள் செய்துகொண்ட ராம்சர் உடன்படிக்கை பற்றி அரை நாள் பேசினால் போதும். அதன் பட்டியலில் ஏறிய ஈரநிலமும் கவனிப்பாரின்றி வற்றக்கூடும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

யாரை அனுப்புகிறோம் என்பதில்தான் எனக்கு ஆற்றாமை. சான்றிதழோடு திரும்பிய மறுமாதமே வேறு துறைக்கு மாற்றலாகிப் போகிறவருக்கு ஏன் அந்த இடம்? பத்து ஆண்டுகள் அதே கரையில் இருக்கப்போகிற மீனவருக்கும், ஆசிரியைக்கும், மதகைத் திறந்து மூடும் ஊழியருக்கும் அதைக் கொடுங்கள். மொழி தடையென்றால் மொழிபெயர்ப்பாளரை அமர்த்துங்கள்.

பயிற்சியின் கடைசி நாளில் ஆளுக்கொரு தாள் கொடுப்பேன். திரும்பியதும் முதலில் யாரைப் போய்ப் பார்ப்பீர்கள் என்று எழுதச் சொல்வேன். பலரும் அமைச்சரை, துறைச் செயலாளரை எழுதுவார்கள். ஏரிக்கு மேலே உரமிட்டுப் பயிர் செய்கிறவரின் பெயரை எழுதியவர் அருகில் போய் உட்கார்ந்து, அவரிடம் என்ன பேசப்போகிறீர்கள் என்று கேட்பேன்.

நன்றி, வணக்கம்.