ழூல் வெர்ன் போட்ட கணக்கு

புதுவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நம் ரோமன் ரோலண்ட் நூலகம் தொடங்கியது 1827-இல். அடுத்த ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி, பிரான்சின் நாந்த் நகரில் பிறந்தவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ழூல் வெர்ன். வக்கீல் மகன். சட்டம் படித்தார், மனம் நாடகத்தில் இருந்தது, வயிற்றுப்பாட்டுக்குப் பாரிஸ் பங்குச்சந்தையில் வேலை பார்த்தார். முதல் நாவலான 'பலூனில் ஐந்து வாரங்கள்' 1863-இல்தான் வந்தது.

ஐம்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை எப்படி எழுதினார்? பதிப்பாளர் எட்ஸெலுடன் ஒப்பந்தம்: ஆண்டுக்கு மூன்று தொகுதிகள், பின்னாளில் இரண்டு. விடியற்காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் பதினொரு மணி வரை எழுத்து. பகலுணவுக்குப் பிறகு செய்தித்தாள்களும் அறிவியல் இதழ்களும். படித்ததிலிருந்து குறிப்பெடுத்த அட்டைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. முதலில் பென்சிலில் எழுதி, அதன்மேல் மையால் எழுதுவார். அச்சுப் படியை ஏழெட்டு முறை திருத்துவார். இந்த உழைப்பைச் சொல்லாமல் வெறுமனே 'தீர்க்கதரிசி' என்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

'எண்பது நாளில் உலகைச் சுற்றி' நாவலின் முடிச்சே ஒரு கணக்கு. கிழக்கே ஒரு பாகை, அதாவது ஒரு டிகிரி, போனால் சூரியன் நான்கு நிமிடம் முன்னதாக உதிக்கும். பாரிசுக்கும் புதுவைக்கும் ஏறத்தாழ எழுபத்தேழரைப் பாகை இடைவெளி. அதனால்தான் சூரியக் கணக்கில் நமக்கு ஐந்து மணி பத்து நிமிடம் முந்துகிறது. 360 பாகையும் சுற்றினால் 1,440 நிமிடம், ஒரு முழு நாள். எண்பது நாளில் சுற்றி வருவதாகப் பந்தயம் கட்டி, தோற்றுவிட்டதாக நினைத்த நாயகனுக்கு அந்த ஒரு நாள்தான் கைகொடுக்கிறது.

1865-இல் வந்த 'பூமியிலிருந்து நிலாவுக்கு' நாவலில் கணக்கு ஓரிடத்தில் இடறுகிறது. ஃபுளோரிடாவில், தரையில் செங்குத்தாக வார்த்த 900 அடி பீரங்கி. குண்டுக்குள் மூன்று பேர். நொடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தை அந்த 900 அடிக்குள்ளேயே எட்டியாக வேண்டும். அப்போது உடலின் எடை 22,000 மடங்காகும். 60 கிலோ ஆள் 1,300 டன்னாக நசுங்குவார். அதிர்ச்சி வரும் என்று வெர்னுக்குத் தெரிந்தேதான் இருந்தது. இருக்கைத் தளத்துக்கு அடியில் மூன்றடித் தண்ணீரும் உடையும் பலகைத் தடுப்புகளும் வைத்தார். அது போதாது. வேகம் கூடுவதற்கு அதிக தூரமும் நேரமும் வேண்டும். பீரங்கியில் அது கிடைக்காது.

பின்னாளில் ராக்கெட் துறையின் முன்னோடியான ஹெர்மான் ஓபெர்த் சிறுவனாக இருந்தபோது இதைப் படித்து, கணக்குப் போட்டு, பயணிகள் பிழைக்க மாட்டார்கள் என்று கண்டார். பிறகு ராக்கெட் பக்கம் திரும்பி, 1923-இல் விண்வெளிப் பயண ராக்கெட் பற்றித் தம் நூலை வெளியிட்டார்.